தூக்கும் இயந்திரம் வந்த நாள்

குருவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி நாலைந்து நாள் ஆகிவிட்டது. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நெற்றியோரத்து வீக்கம் வடிந்து, அந்த இடம் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது.

குருவி என்பது மேஸ்திரி தன் மனைவிக்கு வைத்த பெயர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் விளையாட்டாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, குருவி கனம்கூட இல்ல!" என்றார். அன்றிலிருந்து அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள் அவள். ஊர் மொத்தமும் அவள் குரலைக் கேட்ட பிறகுதான் ஒருவரோடு ஒருவர் பேசியது. நடுக்குவாதம் வந்து கைகால்களைப் பிடித்ததோடு நிற்காமல் அந்தக் குரலையும் தேய்த்துவிட்டது. இப்போது அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் காதை வாயருகே கொண்டுபோக வேண்டும்.

மேஸ்திரி, வீடு மாற்றித் தரும் ஆட்களுக்குத் தலைவராக இருந்தவர். இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, பியானோ என்று எத்தனையோ பாரங்களைக் குறுகலான மாடிப்படிகளில் ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒரு பொருளைக்கூடக் கீழே போட்டதில்லை. இந்தப் பெருமையை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவர் கீழே போட்டது ஒரே ஒரு தடவைதான். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மகள் மூச்சிரைக்க ஓடிவந்து, "எப்படிப்பா விழுந்தாங்க?" என்று கேட்டபோது, "நாற்காலியில உக்கார வைக்கும்போது நழுவிட்டா" என்றார்.

அதில் பொய்யே இல்லை. யார் உட்கார வைத்தது என்பதுதான் இல்லை. நம் பேச்சில் ஆளைச் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். மகள் அந்தக் காலி இடத்தில் குடையக்காவை நிறுத்திவிட்டாள்.

"அக்கா அப்ப எங்க இருந்தாங்க?"

"வீட்டுலதான் இருந்தாங்க."

அதுவும் உண்மைதான். குருவியைப் பகலில் பார்த்துக்கொள்ள வரும் பெண் அவள். வெயிலோ மழையோ குடையில்லாமல் வாசல் தாண்ட மாட்டாள் என்பதால் குடையக்கா. அன்றைக்கு அவள் குளியலறையில் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். "இருங்கய்யா, கையைத் துடைச்சுட்டு வரேன். ரெண்டு பேருமா தூக்கலாம்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இவளைத் தூக்க ரெண்டு ஆளா?" என்று சிரித்தபடி மேஸ்திரி தனியாகவே தூக்கினார். பாதி வழியில் இடுப்பில் சுரீரென்று ஒரு பிடிப்பு. கை தளர்ந்துவிட்டது.

மகள் பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். முடிவெடுக்கத் தயங்குகிறவள் இல்லை. அன்று சாயங்காலமே அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று குடையக்காவுக்குப் போன் போட்டு, "நீங்க இனிமே வர வேணாம்" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் மேஸ்திரி மாத்திரை அட்டையைப் பிதுக்கிக்கொண்டு நின்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. குடையக்கா வாதாடவில்லை. "ஐயா பக்கத்துல இருக்காரா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்காரு."

மேஸ்திரி அடுத்த மாத்திரையைப் பிதுக்கினார். "சரிம்மா" என்று குடையக்கா வைத்துவிட்டாள்.

அந்த 'சரிம்மா' மேஸ்திரியை இன்னும் விடவில்லை.

* * *

இன்று காலை மாடி வீட்டு டீச்சர் குருவியைப் பார்க்க வந்தாள். அவளும் வயதான அப்பாவை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவள். இங்கே வேலை முடிந்ததும் குடையக்கா அவர்கள் வீட்டுக்குத்தான் போவாள்.

"நல்லவேளை, நீங்க முன்கூட்டியே சொன்னீங்க" என்றாள் டீச்சர் மகளிடம். "நாங்களும் அவங்களை நிறுத்திட்டோம். எங்கப்பாவுக்கு எலும்பு ஏற்கெனவே பொடிப்பொடியா இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மேஸ்திரி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "மேலயும் நிறுத்தியாச்சா?"

"பின்ன என்னப்பா? எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது பாவமில்லையா?" என்றாள் மகள்.

மேஸ்திரி கட்டில் பக்கம் திரும்பினார். குருவி கண்களை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. தூங்கும்போது அவள் கை நடுங்காது. இப்போது போர்வைக்கு வெளியே அந்த விரல்கள் தடதடத்துக்கொண்டிருந்தன.

டீச்சர் போனதும் அவர் வாயைத் திறந்தார். "பாப்பா, ஒரு விஷயம்..."

அதற்குள் வாசல் மணி அடித்தது.

வந்தது இயந்திரம். படுக்கையில் இருப்பவரை அலுங்காமல் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிற இயந்திரம். வாடகைக்குக் கொடுக்கும் கடையிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கீழே சக்கரம் வைத்த இரண்டு நீளக் கால்கள். நடுவே ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியிலிருந்து கொக்கின் கழுத்துப்போல நீண்ட ஒரு கை.

ஒரு வருஷத்துக்கு முன்பே மகள் இதன் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். "கிரேன் வைக்க இது என்ன துறைமுகமா? உங்கம்மா என்ன சரக்கா?" என்று மேஸ்திரி சிரித்தே அதை ஒதுக்கிவிட்டார். மகளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அப்பா இருக்கும்வரை அம்மாவைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்துக்கொள்வது அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

இன்று மேஸ்திரி சிரிக்கவில்லை. சுவரோரமாக ஒதுங்கி நின்று, அந்த இரும்புக் கையையே பார்த்தார். அது ஏதோ தன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் வந்திருக்கிறது என்று தோன்றியது.

"கட்டில் தாழ்வா இருக்கே" என்றாள் கடைக்காரப் பெண் குனிந்து பார்த்து. "மிஷினோட கால் உள்ளே போகாது. கட்டிலைக் கொஞ்சம் ஒசத்தணும்."

மேஸ்திரியின் கால்கள் தாமாகவே நடந்தன. பரணில் பழைய சாமான்களோடு கிடந்த மரக்கட்டைகள் நாலைக் கொண்டுவந்தார். பீரோவுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வைத்திருந்தவை. கட்டிலின் காலைத் தூக்கக் குனிந்தார்.

"அப்பா, நீங்க தூக்காதீங்க!" மகள் குறுக்கே வந்தாள். "நான் தூக்கறேன். நீங்க கட்டையைத் தள்ளுங்க."

வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பார்த்துக் "கட்டையைத் தள்ளு" என்று கத்தியவர், தரையில் மண்டியிட்டுக் கட்டையைத் தள்ளினார்.

முதலில் மகளையே நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக் காட்டினாள் கடைக்காரப் பெண். முதுகுக்கும் தொடைக்கும் கீழே கனத்த துணியைக் கொடுத்து, நாலு முனையையும் இரும்புக் கையில் மாட்டி, பொத்தானை அமுக்கினாள். மெல்லிய ரீங்காரத்தோடு மகள் மேலே எழும்பினாள்.

"ஐயோ, அம்மா, தூளியில போட்ட மாதிரியே இருக்கு!" என்று கால்களை ஆட்டிச் சிரித்தாள். வீட்டில் பல நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. குருவியின் உதட்டோரமும் அசைந்தது.

அடுத்தது குருவி.

துணியை அவளுக்கடியில் செருக, இந்தப் பக்கம் புரட்டி அந்தப் பக்கம் புரட்டினார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையை மார்பின் மேல் வைத்தார்கள். கொக்கி மாட்டியதும் மேஸ்திரி ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்த்தார். கடைக்காரப் பெண் தடுக்கவில்லை.

பொத்தான் அமுங்கியது. குருவி படுக்கையை விட்டு எழும்பினாள்.

மேஸ்திரி இரண்டு கைகளையும் அவளுக்குக் கீழே ஏந்திக்கொண்டார். கூடவே நகர்ந்தார்.

"ஐயா, கையை எடுத்துடுங்க. நீங்க பதறினா அவங்க பயந்துக்குவாங்க."

கையை எடுக்க மனம் வரவில்லை. அப்போது குருவியின் வாய் அசைந்தது. மகள் ஓடிப்போய்க் காதைக் கொடுத்தாள்.

"என்னம்மா? வலிக்குதா? இறக்கிடவா?"

கேட்டுவிட்டு நிமிர்ந்த மகள் முகமெல்லாம் சந்தோஷம். "பயமா இல்லையாம்ப்பா! 'இப்பத்தான் பயமில்லாம இருக்கு'ன்னு சொல்றாங்க!"

மேஸ்திரியின் கைகள் கீழே இறங்கின.

இப்பத்தான் என்றால்? அப்படியானால் இத்தனை நாளும்?

நாற்காலியில் அலுங்காமல் இறக்கப்பட்ட குருவி, ஜன்னல் வெளிச்சத்தில் மூச்சை நிதானமாக இழுத்துவிட்டாள். கடைக்காரப் பெண் மகளுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். எது மேலே, எது கீழே, அவசரத்துக்கு அமுக்க வேண்டிய சிவப்புப் பொத்தான் எது. பிறகு கேட்டாள்: "பகல்ல பாத்துக்க ஆள் யாராச்சும் வராங்களா? அவங்களுக்கும் ஒரு தடவை சொல்லிக் குடுத்துடறேன்."

"ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க அஜாக்கிரதையாலதான் அம்மா விழுந்ததே. நிறுத்திட்டோம்."

"அப்படியா?" என்று அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். பார்வையில் ஒன்றுமில்லை. ஆனால் மேஸ்திரி அவசரமாக அறையை விட்டு வெளியே போனார்.

* * *

மதியம் மகள் குளிக்கப் போன நேரத்தில், மேஸ்திரி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு மனைவியின் எதிரே உட்கார்ந்தார்.

"ஏய் குருவி. நான் தூக்கும்போதெல்லாம் உனக்குப் பயமா இருந்துச்சா?"

ஆமாம் என்பதுபோல அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"எப்பத்துலேர்ந்து?"

குனிந்து காதைக் கொடுத்தார்.

"உங்க மூச்சு மாறுனதுலேர்ந்து" என்றாள். "தூக்கறப்ப உங்க நெஞ்சு தடதடங்கும். எனக்குக் கேக்கும்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னா தூக்கறதை விட்டுடுவீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்பல்லாம் நீங்க எங்கிட்ட வரதே அதுக்குத்தானே."

மேஸ்திரி நிமிர்ந்தார். நாளெல்லாம் அவளுக்காகவே உழைப்பதாக நினைத்திருந்தார். தூக்கினார், உட்கார வைத்தார், படுக்க வைத்தார். நடுவில் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்த நாள் என்று ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். முடியவில்லை.

"அந்தப் பொண்ணு மேல பழி விழுந்துடுச்சு" என்றார். "நான் வாயைத் திறக்கல."

குருவியின் கண்ணோரம் நனைந்தது. "நானும்தான் திறக்கல."

"உனக்கு எங்க குரல் இருக்கு? யாரு காதுல விழப்போவுது?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கறாங்க." அவள் வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள். "அன்னிக்குப் பாப்பா போன்ல பேசினப்ப எனக்கு நல்லா குரல் இருந்துச்சு. உங்க மானம் போயிடுமேன்னு முழுங்கிட்டேன்."

மேஸ்திரி அவளுடைய நடுங்கும் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எதையும் தூக்காமல், எதையும் சரிசெய்யாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

* * *

மகள் தலையில் துண்டோடு விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஹோட்டல் மடிப்பு, ஓரம் கத்தி மாதிரி நின்றது.

"பாப்பா, நான்தான் போட்டேன்."

"எதைப்பா போட்டீங்க? எது ஒடைஞ்சுது?"

"உங்கம்மாவை. நான்தான் தூக்கினேன். எங்கையிலேர்ந்துதான் விழுந்தா. அந்தப் பொண்ணு 'இருங்க வரேன்'னுச்சு. நான் கேக்கல."

மகளின் கை மடிப்பிலேயே நின்றது. முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது.

"நான் போன் பண்ணப்ப பக்கத்துலயே நின்னீங்களேப்பா!"

"நின்னேன்."

"காலையில டீச்சர் வந்து சொன்னப்பவும் நின்னீங்க!"

"ஆமா."

"அவங்களுக்குப் புருஷன் இல்ல. ரெண்டு வீட்டு வேலையும் போச்சு. என்னால போச்சு!" விரிப்பைக் கட்டிலில் வீசினாள். கத்துவாள் என்று மேஸ்திரி எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. ஆனால் அவள் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஹோட்டல்ல ஒரு துண்டு காணாம போனாகூட, சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு, என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டுத்தான் முடிவு எடுப்பேன். எங்கம்மாவை இத்தனை நாள் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கல." குரல் உடைந்தது. "யார் மேலயாவது கோபப்படணும் போல இருந்துச்சுப்பா. நான் பக்கத்துல இல்லாம போயிட்டேனேன்னு என் மேலயே கோபம். அதை அவங்க தலையில கொட்டிட்டேன்."

"தப்பு என்னோடதும்மா."

"உங்களோடதுதான்" என்றாள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுக்காக என்னோடது இல்லன்னு ஆயிடாது."

போனை எடுத்தாள். நீண்ட நேரம் மணி அடித்த பிறகுதான் குடையக்கா எடுத்தாள். மகள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். நடந்தது தெரிந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள், திரும்ப வாருங்கள் என்றாள்.

"ஐயாகிட்ட குடுங்க" என்றாள் குடையக்கா.

மேஸ்திரி வாங்கினார்.

"ஐயா, நான் அன்னிக்கு 'இருங்க வரேன்'னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா. நான்தான் கேக்கல."

"அம்மாவை மொதல்ல ஓடிவந்து மடியில தாங்கினது யாரு?"

"நீங்கதான்."

"இதை எனக்குச் சொல்லி என்னய்யா பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே." அவள் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "மாடி வீட்டுல, பள்ளிக்கூடம் விட்டு என்னைத் தேடி வந்த எங்க பிள்ளைங்க முன்னாடி வெச்சு என்னைப் போகச் சொன்னாங்க. பேரு கெட்டுப்போச்சு. மொதல்ல அங்க போய்ச் சொல்லுங்க. நான் வரதும் வராததும் அப்புறம்."

* * *

மேஸ்திரி சட்டையை மாற்றிக்கொண்டார். "நானும் வரட்டுமா?" என்றாள் மகள்.

"வேணாம். இது ஓராள் வேலை. நீ அம்மாகிட்ட இரு."

படியேறுவதற்குள் இடுப்பு இரண்டு தடவை பிடித்துக்கொண்டது. கைப்பிடிச் சுவரைப் பற்றி நின்று நின்று ஏறினார். மணியை அமுக்கினார்.

"வாங்க மேஸ்திரி! கூப்பிட்டிருந்தா நானே கீழ வந்திருப்பேனே" என்று டீச்சர் கதவை அகலத் திறந்தாள்.

கூடத்தில் சக்கர நாற்காலியில் அவளுடைய அப்பா. பக்கத்தில் ஸ்டூலில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்து, கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து அன்றுதான் வந்தவள் போல, துணிப்பை ஒன்று சுவரோரம் பிரிக்காமலே கிடந்தது.

மேஸ்திரி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. தன் கை தளர்ந்தது, தான் மறைத்தது, மகள் தெரியாமல் பழி சொன்னது எல்லாவற்றையும் சொன்னார்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடக் கடவுளே! அவங்க பிள்ளைங்க எதிர்லயே அவங்களை என்னென்னவோ பேசிட்டேனே..." என்றவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மேஸ்திரி, இவங்க இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காங்க. இருந்த வேலையை விட்டுட்டு, என்னை நம்பி வந்திருக்காங்க. இப்ப நான் என்ன பண்ண?"

குரலைத் தாழ்த்தி என்ன பயன்? கூடம் சின்னது. புதுப் பெண்ணின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. பெரியவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

அவள் அந்த ஒரு வாய்க் கஞ்சியை ஊட்டினாள். அவருடைய மோவாயைத் துடைத்தாள். பிறகு திரும்பி, டீச்சரை விட்டுவிட்டு மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப நான் கிளம்பணுங்களா, ஐயா?"

மேஸ்திரியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். குடையக்கா.

"சொல்லிட்டீங்களா ஐயா?" என்றது அந்தக் குரல்.

"சொல்லிட்டேன்மா" என்றார்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

எதிரே அந்தப் பெண் பாதிக் கஞ்சியோடு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.